கணக்கு வருமா என்று கேட்டு வயலின் வாங்குகிறவர்கள்

விஜயதசமிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இசை வகுப்பு வாசல்களில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "மியூசிக் கத்துக்கிட்டா கணக்கு நல்லா வருமாமே சார்?" கேட்பது பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ. பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆசிரியருக்கும் அது சேர்க்கை நேரம். "தாராளமா வரும், ஞாபக சக்தியும் கூடும்" என்று சொல்லித் தட்டில் வைத்த தட்சிணையை வாங்கிக்கொள்வார். இரண்டு தரப்புக்கும் திருப்தி. அடுத்த கோடைக்குள் அந்த வயலின் பரணுக்குப் போய்விடும், "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல" என்ற ஒற்றை வரியோடு கதை முடியும். எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி வரிதான். ஆர்வம் இல்லை என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் குறை எதுவும் இல்லை. எதற்காகச் சேர்த்தார்களோ அந்தக் காரணமும், கையில் கொடுத்த வாத்தியமும், ஒரு கட்டத்தில் அந்த வாத்தியம் கேட்கிற உழைப்பும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்திருக்கின்றன. இதைச் சேர்க்கை நாளிலேயே பேசியிருந்தால் வயலினுக்குக் கொடுத்த பணமாவது மிஞ்சியிருக்கும்.

முதலில் அந்தக் கணக்கு விவகாரத்தை முடித்துவிடலாம். 1993இல் 'நேச்சர்' இதழில் ராஷர், ஷா, கை என்ற மூவர் ஒரே பக்கத்தில் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதினார்கள். கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டி விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களுக்கு விடை சொன்னார்கள். மதிப்பெண் கொஞ்சம் கூடியது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தக் கூடுதல் மறைந்தும் போனது. அவர்கள் குழந்தைகள் இல்லை, எந்த வாத்தியத்தையும் கற்கவில்லை, கணக்கும் போடவில்லை. ஆனால் செய்தி பரவிய வேகத்தில் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் கேட்டார். உண்மையிலேயே கற்பதைச் சோதித்தது 2004இல் ஷெலன்பெர்க் வெளியிட்ட ஆய்வு. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் கீபோர்டு, பாட்டு, நாடகம், எதுவும் இல்லை என்று நான்காகப் பிரித்து ஓராண்டு கழித்து அளந்தார். இசை கற்றவர்களின் ஐக்யூ சராசரியாக 7 புள்ளி ஏறியது. மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் மூன்று புள்ளிகூட இல்லை. நாடகம் கற்ற பிள்ளைகள் மற்றவர்களோடு பழகுவதில் முன்னேறியிருந்தார்கள் என்பதை ஏனோ நம் பெற்றோர்கள் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பிறகு 2020இல் சாலாவும் கோபேயும் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒப்பிடப்பட்ட பிள்ளைகளுக்கும் வேறு ஏதாவது ஒரு பயிற்சி கொடுத்து முறையாக நடத்திய ஆய்வுகளில் இசையின் பலன் ஏறக்குறையப் பூஜ்ஜியம். கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குப் போட வைப்பதுதான் மலிவான வழி.

காரணத்தை வைத்து வாத்தியம்

கணக்கை ஒதுக்கிவிட்டால் மிச்சமிருக்கும் காரணங்கள் எல்லாம் உருப்படியானவை. ஒவ்வொன்றும் வேறு வேறு வாத்தியத்துக்கும் வேறு வேறு ஆசிரியருக்கும் வழி காட்டும். சினிமாப் பாட்டு வாசிக்க ஆசை, நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க வேண்டும் என்றால் கீபோர்டு அல்லது கிட்டார். கீபோர்டில் 61 கட்டை, அதாவது ஐந்து ஸ்தாயி இருந்தால் போதும். அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் கட்டையாக இருக்க வேண்டும். அது இல்லாத பொம்மைக் கீபோர்டில் ஓராண்டு பழகிய விரலை நல்ல கீபோர்டுக்கு மாற்றுவது பெரும்பாடு. இங்கே கற்க வேண்டியது வலது கையில் பாட்டின் மெட்டு, இடது கையில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு. மூன்று கார்டில் ஒரு முழுப் பாட்டு வந்துவிடும் என்பதால் நாலைந்து மாதத்தில் பலன் தெரியும். இதில் கேவலம் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டு வாசிக்க வந்த பிள்ளையைக் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையில் உட்கார வைத்து, "அடிப்படை சரியா இருக்கணும்" என்று ஓராண்டு ஓட்டுவதைத்தான் தப்பு என்பேன். அந்த அடிப்படை வேறொரு வீட்டுக்கானது.

சான்றிதழுக்காகக் கற்பவர்களையும் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் கீழ்நிலை, மேல்நிலை முடித்து இசை ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வின் எட்டு கிரேடுகளை ஏறி முடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதில் கோளாறு வருவது ஒரே இடத்தில்தான். கிரேடு தேர்வுக்கு மூன்று உருப்படி என்றால் ஆண்டு முழுவதும் அந்த மூன்று உருப்படியே. நான்காவதாக ஒன்றைக் காகிதத்தில் பார்த்து வாசிக்கச் சொன்னால் பிள்ளை விழிக்கும். ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவே, தேர்வில் வராத பத்து எளிய உருப்படிகளையாவது வாசிக்கக் கொடுக்கும் ஆசிரியரா என்று விசாரித்தால் போதும்.

பிழைப்புக்காகக் கற்பவர்களின் கணக்கு வேறு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பு. அங்கே சேரும் பையனிடம் மூளை வளர்ச்சி பற்றி யாரும் பேசுவதில்லை. கல்யாண மேளத்துக்கும் கோயில் புறப்பாட்டுக்கும் மூச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். வாசிப்பவனின் தலைவலி கருவியை விட அதன் வாயில் செருகும் சீவாளியில்தான். காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்யும் அந்தச் சிறு துண்டு காய்ந்திருந்தால் சத்தம் கீச்சிடும், அதிகம் ஊறினால் சுருதி இறங்கும். அதனால்தான் வித்வான்களின் கருவியில் நாலைந்து சீவாளி நூலில் தொங்கும். இதையெல்லாம் ஒரு தொல்லையாக நினைக்காமல் தொழிலின் பகுதியாக எடுத்துக்கொள்ள, பிழைப்பு என்ற காரணம் போதுமான வலுவைக் கொடுக்கிறது.

இன்னொரு காரணம் உண்டு, யாரும் படிவத்தில் எழுத மாட்டார்கள்: பையன் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பான். பெஞ்சு, சாப்பாட்டுத் தட்டு, தங்கையின் முதுகு. மிருதங்கம் கற்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று அவனை வயலினுக்கு அனுப்பிவிடுவார்கள். (தொடக்க வயலின் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவர்கள் இந்த முடிவை எடுக்க மாட்டார்கள்.) மிருதங்கம் வாங்குவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கீழ்ச் சுருதிக்கு ஏறத்தாழ 24 அங்குலம், மேல் சுருதிக்கு 22 அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு. சின்னப் பிள்ளைக்குக் கை எட்டுவது சின்னதில்தான். தொப்பி எனப்படும் இடது பக்கத்தில் வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் ஒட்ட வேண்டும், முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் ரவை காய்ந்து இறுகித் தோலை இழுக்கும், கொஞ்ச நாளில் விரிசல் விடும். பிறகு மூட்டு, அதாவது அந்தத் தோல் முகத்தை, மாற்றும் செலவு. தட்டுகிற ஆசை உள்ள பையன் இந்த ரவை வேலையை விளையாட்டாகச் செய்துவிடுவான். ஆசை இல்லாதவன் முதலில் கைவிடுவது இதைத்தான். ரவை காய்ந்து கிடக்கிறதா என்று பார்த்தாலே அவன் நிலைமை தெரிந்துவிடும்.

அசையும் காந்தாரம்

கர்நாடக இசைக்கு வயலின் எடுத்த பிள்ளை எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் வில் மட்டும். சப்பணமிட்டு, வலது காலைச் சற்று முன்னால் விட்டு, கருவியின் தலையைக் கணுக்கால்மேல் வைக்க வேண்டும். தந்திகள் ச-ப-ச-ப. விரல் வைக்காமல் ஒவ்வொரு தந்தியையும் எட்டு எண்ணிக்கை வரை ஒரே வில்லில் இழுக்க வேண்டும். குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விரல் பலகைக்கும் நடுவே வில் நேராகப் போக வேண்டும். பிள்ளை முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து இழுத்தால் வில் விரல் பலகை மேல் நழுவி ஏறும், சத்தம் காற்றுப் போன மாதிரி ஆகும். வேகம் இல்லாமல் அழுத்தம் மட்டும் கொடுத்தால் கரகரக்கும். ரோசின் (பிசின் கட்டி) தடவாத வில் தந்திமேல் வழுக்கும், அதிகம் தடவினால் குதிரைக்கடியில் வெள்ளைப் பொடி உதிரும். இவையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்தக்கூடிய தப்புகள். பொறுமை இருந்தால் போதும்.

அடுத்து சரளி வரிசை. 15ஆவது மேளமான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையில் தொடங்குவதைப் புரந்தரதாசர் வகுத்த வழி என்று மரபு சொல்கிறது. வயலின்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. ச-விலிருந்து ரி ஒரு ஸ்தானம், ரி-யிலிருந்து க மூன்று, க-விலிருந்து ம ஒன்று. மேல் பாதியான ப-த-நி-ச-வும் அப்படியே ஒன்று, மூன்று, ஒன்று. இரண்டாம் தந்தியில் ச ரி க ம-வுக்கு விரல்கள் எந்த இடைவெளியில் உட்கார்ந்தனவோ, முதல் தந்தியில் ப த நி ச-வுக்கும் அதே இடைவெளிதான். கை ஒரே ஒரு வடிவத்தைக் கற்றுக்கொண்டால் போதும். முதல் காலத்தில் தாளத்தின் ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. நிமிடத்துக்கு 60 தட்டு என்று மெட்ரோனோமை வைத்தால் மூன்றாம் காலம் வினாடிக்கு நான்கு சுரம். இந்த வேகத்தில் விரல் தப்பினால் தட்டை 50க்கு இறக்க வேண்டும். ஜண்டை வரிசை வந்து, ஏழு அலங்காரங்களும் வந்து, துருவ தாளத்தின் 14 அட்சரம் கையில் நின்றுவிட்டால், பிள்ளை ஒழுங்காகக் கற்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். கணக்குக்காக வந்த பிள்ளைகூட இதுவரை நன்றாகவே வரும். ஏனென்றால் இதுவரை நடந்ததெல்லாம் உண்மையிலேயே எண்ணிக்கைதான்.

கீதங்கள் முடிந்து வர்ணத்துக்கு வரும்போது தரை நழுவுகிறது. இவ்வளவு நாளும் "விரலைச் சரியான இடத்தில் வை, அசைக்காதே" என்று சொன்ன ஆசிரியர் இப்போது "அசை" என்கிறார். நோட்டுப் புத்தகத்தில் 'க' என்று ஒரே ஓர் எழுத்துதான் இருக்கும். தோடி ராகத்தில் அந்தக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. ரி பக்கத்திலிருந்து கிளம்பி ம-வைத் தொடப் போய்த் திரும்பி, மறுபடியும் போகும். விரலை அழுத்தம் குறையாமல் தந்திமேல் வழுக்க வேண்டும். மேற்கத்திய வயலினின் நடுக்கம் இது இல்லை, மணிக்கட்டை ஆட்டினால் வராது. கருவியின் எடையைக் கணுக்கால் தாங்குவதால்தான் இடது கை இப்படித் தாராளமாக வழுக்க முடிகிறது. உட்காரும் முறையின் பயன் பிள்ளைக்கு முதல்முறையாகப் புரிய வேண்டிய இடமும் இதுவே.

தப்புகள் இங்கே வரிசை கட்டி வரும். கட்டை விரல் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் கை நகராது, விரல் மட்டும் துடிக்கும். மேல் எல்லை கொஞ்சம் தாண்டினால் அது மத்யமமாகவே (ம) கேட்கும், ராகம் குழம்பும். ஒரே சீராக ஏற்றி இறக்கினால் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி இருக்கும். சுரத்தின் உயிர், எங்கே ஒரு கணம் நின்று எங்கே விரைகிறது என்பதில் இருக்கிறது. இடது கை அசையும்போது வலது கை தானாக நின்று நின்று இழுக்கும், வில் துண்டு துண்டாகும். முதல் காலத்தில் இரண்டு அசைவுக்கு இடமிருந்த சுரத்தில் இரண்டாம் காலத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும், எதை விடுவது என்று தெரியாது. கை வேலையைத் திருத்த வழி உண்டு. கட்டை விரலை முழுவதும் விலக்கிவிட்டு ரி-யிலிருந்து ம-வுக்கு மிக மெதுவாக ஒரே வில்லில் வழுக்கிப் பழகலாம். பிறகு எல்லையைக் குறுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன் அதை வாயால் பாட வைக்கலாம். ஆனால் வந்தது சரியா தப்பா என்று தீர்மானிப்பது காது மட்டும்தான். கண்ணால் பார்க்க எதுவும் இல்லை, எண்ண எதுவும் இல்லை. நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பல தடவை கேட்ட வீட்டுப் பிள்ளைக்குப் போக வேண்டிய இடம் தெரியும், கைதான் அங்கே போக மறுக்கும். அந்த ஆத்திரத்திலேயே மறுநாளும் வயலினை எடுக்கும். தோடியைக் கேட்டே இராத பிள்ளைக்குத் தான் எங்கே தவறுகிறோம் என்பதே தெரியாது. ஆசிரியர் முகம் சுளிப்பது மட்டும் தெரியும். சில வாரம் அந்தச் சுளிப்பைத் தாங்கும். பிறகு "இன்ட்ரஸ்ட் இல்ல."

கீபோர்டில் கர்நாடக இசை கற்கப் போனவர்கள் முட்டிக்கொள்வதும் இதே சுவரில்தான். கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்த கட்டையில் அடுத்த சுரம், நடுவில் இருப்பதற்கு வழி இல்லை. சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடது கையால் உருட்டிக் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, கொண்டுவரும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அது தனி வித்தை, சின்னப் பிள்ளைக்கு முதல் பாடமாக ஆகாது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்து 1971 வரை தள்ளி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த அசைவின்மையும் ஒன்று. வெளியிலிருந்து வந்த வயலினும் கிளாரினெட்டும் மாண்டலினும் சாக்ஸபோனும் இங்கே நிலைத்ததையும் பியானோ நிலைக்காததையும் இதே அளவுகோலால் பார்க்கலாம்.

கேட்டுவிட்டு வாங்குவது

ஆக, வாத்தியம் கற்க ஒருவர் சொல்லும் காரணத்தை நான் ஒரே கேள்வியால் சோதிப்பேன்: கையில் எந்தச் சத்தம் வர வேண்டும்? "வயலின்" என்பது பதில் இல்லை. "கோயில்ல சாயங்காலம் வாசிப்பாங்களே, அது" என்று ஏழு வயதுப் பிள்ளை சொன்னால் அது முழுப் பதில். "அந்தப் பாட்டுல நடுவுல வருமே புல்லாங்குழல்" என்பதும் பதில்தான். பதில் வராதவர்களுக்கு நான் சொல்வது, வாத்தியம் வாங்கும் காசை மூன்று மாதம் பையிலேயே வைத்திருங்கள். அந்த மூன்று மாதம் ஒரே ஒரு வாத்தியத்தைக் கேளுங்கள், ஒன்றிரண்டு ராகத்தில் மட்டும், முடிந்தால் நேரில். மார்கழியில் சென்னை சபாக்களின் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். திருவையாற்று ஆராதனைக்கும் டிக்கெட் கிடையாது. ஊர்க் கோயில் திருவிழா இருக்கவே இருக்கிறது. குழந்தைக்குக் காரணம் பின்னால் முளைக்கும், எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று எதிர்வாதம் வரும். சரிதான், முளைக்கும். கேட்கும் வீட்டில் முளைக்கும். வாரம் இரண்டு நாள் வகுப்பைத் தவிர வீட்டில் அந்தச் சத்தமே இல்லையென்றால் எதிலிருந்து முளைப்பது?

வாங்கும்போது வயலின் அளவைக் கவனியுங்கள். ஐந்தாறு வயதுக்குக் கால் அளவு, ஏழிலிருந்து ஒன்பது வரை அரை, பத்துப் பதினொன்றுக்கு முக்கால், அதற்கு மேல் முழு அளவு. "வளர்ந்ததும் உதவும்" என்று முழு அளவை வாங்கினால் பிள்ளையின் சுண்டு விரல் எட்டாது, விரல் நீட்டி நீட்டி இடமே தப்பிப் பழகிவிடும். முதல் கருவியை வாடகைக்கோ பழையதாகவோ எடுப்பது நல்லது. பழையதில் பிரடைகளை (தந்தியை முறுக்கும் ஆணிகளை) திருகிப் பார்க்க வேண்டும். நிற்காமல் வழுக்கினால் தினமும் சுருதி சேர்ப்பதற்கே கால் மணி போகும்.

ஓய்வு பெற்ற பிறகு கற்க வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாற்பது வருடமாகக் கேட்ட சத்தம் காதில் இருக்கிறது, வேறு யாருக்காகவும் வரவில்லை. கமகத்தில் அவர்கள் விழுவது அபூர்வம். அவர்களுக்கு இடைஞ்சல் உடம்புதான். வீணை என்றால் தந்தியை மெட்டின்மேல் (தந்திக்கு அடியில் குறுக்காக இருக்கும் கம்பி) பக்கவாட்டில் இழுக்கும்போது இடது கை ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் கோடு விழுந்து எரியும். தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு தினம் இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் வாசித்தால் சில வாரத்தில் காய்ப்பு ஏறிவிடும். மூன்று கட்டைச் சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்கினால் தந்தி தளர்ந்து வலி குறையும். சர்க்கரை உள்ளவர்கள் விரல் வெட்டை அலட்சியம் செய்யக் கூடாது, அவர்களுக்கு வாய்ப்பாட்டோ புல்லாங்குழலோ நல்லது. பல் செட் போட்டவர்களுக்குக் குழலில் காற்று நிற்பது சிரமம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தரையில் உட்கார முடியாதவர்கள் வீணையைத் தாங்கியில் வைத்து நாற்காலியில் அமர்ந்து வாசிக்கலாம், மரபு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மே மாதத்தில் மூடிய காரில் ஒரு மதியம் விட்டுவிட்டால் மெழுகு இளகி மெட்டுகள் நகரும், மேளம் புதிதாகக் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கு ஏற்ப மறுபடி பதிக்க வேண்டும். தஞ்சாவூரில் ஆள் கிடைப்பார்கள். உங்கள் ஊரில் யார் கட்டுவார் என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.